எண்ணெய் காணாத பிங்கர்

உப்பளத்தில் மயங்கி விழுந்த அப்பாவைப் புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எண்ணெய்ப் பலகாரம் அதிகம் சாப்பிடுவாரா?" என்பதுதான்.

"இல்லீங்க" என்றாள் அம்மா.

"இல்லீங்க" என்றார் அப்பா.

"தினமும் சாப்பிடுவார் சார். காலையில ஒரு பொட்டலம், சாயங்காலம் ஒரு பொட்டலம்" என்றேன் நான்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் சுவரில் இருந்த சுண்ணாம்பு உதிர்ந்திருக்க வேண்டும். டாக்டர் அப்பாவின் கையில் பட்டை கட்டி, காற்றடித்து, முகத்தைச் சுளித்தார். "பெரியவரே, உப்பைக் குறைக்கணும். எண்ணெயில பொரிச்சதைத் தொடவே கூடாது. தொட்டா, அடுத்த தடவை உங்களை இங்க தூக்கிட்டு வர்ற வேலை யாருக்கும் இருக்காது" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"உப்பு வார்ற ஆளப் பாத்து உப்பக் கொறன்றான். இன்னா படிச்சான் இவன்?"

"எம்.பி.பி.எஸ்."

"நீ பேசாத. கேட்டதுக்கு அளவா பதில் சொன்னா போதாதா? பொட்டலக் கணக்குலாம் எதுக்கு?"

எனக்கு அளவாகப் பதில் சொல்ல வராது. அது என் தொல்லை. ஊருக்கும் தொல்லை. மரக்காணத்து உப்பளத்தில் கூலிக்கு இறங்குகிறவர்கள் தெருவில் பட்டம் வாங்கியது நான் ஒருத்தி மட்டும்தான். பி.எஸ்சி. வேதியியல். எழுபத்தாறில் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வசந்தா என்று எனக்கு ஒரு பெயர் இருந்ததே தெருவுக்கு மறந்துபோயிற்று. எல்லாருக்கும் நான் 'டிகிரி'. "டிகிரி, பைப்புல தண்ணி வருதா பாரு." "டிகிரி, ஆடு உள்ள பூந்துடுச்சு, ஓட்டு." ஆடு ஓட்டுவதற்கு எதற்கு மூன்று வருஷம் கரிம வேதியியல் என்று நான் பதிலுக்குக் கத்துவேன். ஆடு கத்துவது போலவே அதையும் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

அப்பாவின் பொட்டலம் வருவது கண்ணாயிரம் கடையிலிருந்து. உப்புக் கிடங்குக்கு எதிரே நாலு கம்பும் ஒரு கீற்றுமாக நிற்கும் கடை. கண்ணாயிரம் முன்பு புதுச்சேரியில் ஒரு சாராயக் கடையில் கடிப்பதற்கு வறுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். அங்கே கற்றுக்கொண்ட வித்தையை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார். உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, மல்லாட்டை எண்ணெயில், அதாவது வேர்க்கடலை எண்ணெயில், முங்க முங்கப் பொரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் அள்ளித் தூவி, செய்தித்தாளில் சுருட்டித் தருவார். பெயர் பிங்கர். தின்றுவிட்டு அந்தத் தாளைப் பிழிந்தால் ஒரு ராத்திரிக்கு விளக்கு எரியும்.

இருட்டோடு உப்புப் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறியதும் முழங்கால் வரை உப்பு பூத்த கால்களோடு கரையேறுகிறவர்கள் நேராக அந்தக் கடைக்குத்தான் போவார்கள். அப்பா எல்லாருக்கும் முன்னால் போவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே அப்பாவின் சட்டைப்பையில் எண்ணெய்க் கறையைப் பார்த்தேன்.

"இது இன்னாது?"

"வேர்வ."

"வேர்வையில மொளகாத்தூள் வருமா?"

"அம்மாடி, முத்தம்மா, இந்தப் பொண்ண எவன்னா கட்டிக்கினு போனா அவன் கால்ல உழுவேன்டி" என்று அப்பா அம்மாவிடம் முறையிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நாக்குக்கு ருசியா ஒண்ணு துன்னக்கூடாதுன்னா அந்த உசுர வச்சிக்கினு இன்னா பண்றது? உப்புலயே ஊறப் போடவா?"

"அதே பிங்கர எண்ணெய்ல போடாம நான் செஞ்சு குடுத்தா?"

அப்பா சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

"எண்ணெ இல்லாத பிங்கரா! சரி, செய்யி. நான் ஒரு தட்டு முழுசா துன்னுட்டேன்னா, கண்ணாயிரம் கடப் பக்கம் தல வச்சிப் படுக்கமாட்டேன். துன்னலன்னா, என் தட்டுல இன்னா கெடக்குதுன்னு ஆயுசுக்கும் நீ எட்டிப் பாக்கக்கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். அவருக்கு அது விளையாட்டு. கயிற்றுக் கட்டிலில் போட்டு நாலு பேர் பஸ் நிறுத்தம்வரை அவரைத் தூக்கிவந்தபோது ஒரு கால் வெளியே தொங்கி ஆடிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடியவள் நான். எனக்கு எப்படி விளையாட்டாக இருக்கும்?

செய்முறை எனக்குத் தெரியும். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்த சவரியம்மாளின் அப்பா ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல்காரர். ஒரு தடவை அந்த வீட்டு அடுக்களையை எனக்குக் காட்டினாள். அடுப்புக்குக் கீழே ஒரு இரும்புப் பெட்டி, அதுதான் ஓவன். நறுக்கிய கிழங்கை ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில் பிசறி, தட்டில் பரப்பி, உள்ளே தள்ளிக் கதவை மூடிவிட்டாள். சூட்டிலேயே வெந்து, சிவந்து, கடித்தால் மொறுக்கென்று வந்தது. "உங்க வீட்டுல ஓவன் கெடையாதே. பரவால்ல, பெரிய பிஸ்கட் டின்னு ஒண்ணு எடு. அடியில மணலப் பரப்பு, அதுமேல செங்கல் துண்டு, அதுமேல தட்டு. கீழ ஸ்டவ்வு, மூடி மேல தணலு. கேக்கே சுடலாம்" என்றும் சொல்லியிருந்தாள்.

டின் கிடைத்தது. கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, தண்ணீரில் போட்டு மாவுப்பசை போக அலசி, பழைய வேட்டியில் ஒற்றி உலர்த்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். "டின்னுக்குள்ள அடியில மணலப் போட்டு ஸ்டவ்வுல ஏத்து" என்று அம்மாவிடம் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நிர்வாகப் பங்கீடு அது.

அப்பா டின்னுக்கு எதிரே சம்மணம் போட்டு, காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். கிழங்கு உள்ளே போயிற்று. மூடியின் மேல் தணலை அள்ளி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாசனை கிளம்பியது. அப்பாவின் மூக்கு லேசாக அசைந்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் உள்ளேயிருந்து 'பட்' என்றது.

"இன்னாடி அது?"

"கிழங்கு வேகுது."

'பட். பட். படபடபட.' டின் ஆட ஆரம்பித்தது. அடுத்த நிமிஷம் படார் என்று ஒரு சத்தம். தணலோடு மூடி எகிறிப் போய்ப் பாயின்மேல் விழுந்தது. பிங்கர்கள் நாலாபுறமும் பறந்தன. ஒன்று கீற்றில் போய்ச் செருகிக்கொண்டது. கோழி கத்திக்கொண்டே பரணில் ஏறியது. அப்பா நெஞ்சைப் பிடிக்கவில்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே தாவில் வாசலில் நின்றார். டாக்டர் பார்த்திருந்தால் வியந்திருப்பார்.

பாயை மிதித்து அணைத்துவிட்டு டின்னை எட்டிப் பார்த்தேன். அடியில் மணல் இல்லை. காலையில் பாத்தியிலிருந்து வாரி வந்த உப்பு, ஈரம் காயாத கல் உப்பு, அரை டின்னுக்கு வெள்ளை வெளேரென்று கிடந்து இன்னமும் வெடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா! மணல் எங்க?"

"எந்த மணல்? கடக்கரை மணலா? விடிகாத்தால ஊரே அங்க எதுக்குப் போவுதுன்னு உனக்குத் தெரியாது? அதுமேல வச்ச கெழங்க உங்கப்பன் துன்னணுமா? மணலு அசிங்கம், உப்பு சுத்தம். நம்மூட்டுல இல்லாததா உப்பு?"

காசு கொடுத்து உப்பு வாங்குகிற எந்த ஊரிலும் எந்தத் தாயும் அரை டின் உப்பை மணலுக்குப் பதிலாகக் கொட்டியிருக்க மாட்டாள். நான் தலையில் கைவைத்தேன்.

அதற்குள் பக்கத்து வீட்டுச் சாமுண்டீஸ்வரி வந்துவிட்டாள். அவளுக்கு எங்கள் வீட்டில் ஈ பறந்தாலும் தெரியும். இது குண்டு வெடித்த சத்தம். வந்தவள் டின்னில் இருந்த உப்பையும் எரிந்த பாயையும் வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யக்கா, யாருக்கு சுத்திப் போட்டீங்க?"

கண்ணேறு பட்டவரை உப்பால் சுற்றி அடுப்பில் போடுவது எல்லா ஊரிலும் உண்டு. உப்பு எவ்வளவு வெடிக்கிறதோ அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு கைப்பிடிதான் போடுவார்கள். அரை டின் போட்டு யாரும் பார்த்ததில்லை.

உப்பின்மேல் கிழங்கு சுட்டோம் என்று சாமுண்டீஸ்வரியிடம் சொல்வதைவிட அம்மா கடலில் இறங்கிவிடுவாள். கொஞ்சமும் யோசிக்காமல், "அவருக்குத்தாம்மா" என்றாள்.

"அடி ஆத்தே! இம்மாம் வெடி வெடிச்சிருக்குதே! யாரு கண்ணுக்கா?"

"கண்ணாவது மண்ணாவது" என்று ஆரம்பித்தேன். "சித்தி, கல்லு உப்புக்குள்ள தண்ணி இருக்குது. சூடு பட்டா அது ஆவியாகி..."

அம்மா என் காலை மிதித்தாள். பார்த்து, அழுத்தி மிதித்தாள்.

வாசலிலிருந்து அப்பாவின் குரல் மெல்ல வந்தது. "கண்ணாயிரம்தான்."

எல்லாரும் திரும்பினோம்.

"நான் உழுந்ததுக்கு மொத நாளு சொன்னான். 'உனக்கு இன்னாண்ணே, டிகிரி படிச்ச பொண்ணு, குத்துக்கல்லாட்டம் ஒடம்பு'ன்னு. சொல்லிட்டு மேலயும் கீழயும் பாத்தான். மறுநாளுதான் நெஞ்சு அடச்சுப் பாத்தியில உழுந்தேன்."

"பேரப் பாருங்கண்ணே, கண்ணு ஆயிரம்" என்றாள் சாமுண்டீஸ்வரி. அதோடு நிற்காமல் தெருவுக்குச் சொல்லப் புறப்பட்டும் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து அப்பா கண்ணாயிரம் கடைக்குப் போகவில்லை. பந்தயமும் இல்லை, பிங்கரும் இல்லை. கடை இருக்கும் பக்கமே பார்க்காமல், தலையில் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, கிடங்கைச் சுற்றி வீட்டுக்கு வந்தார். கஞ்சி குடித்தார். கீரை தின்றார். படுத்தால் மூச்சு வாங்குவது குறைந்தது. அம்மா பூரித்துப்போனாள்.

"நீ மூணு வருசம் படிச்சுப் பண்ண முடியாதத ஒரு டின்னு உப்பு பண்ணிடுச்சு பாத்தியா?"

"பொய்ம்மா அது."

"பொய்யோ மெய்யோ, மனுசன் எண்ணெயத் தொடல. வாய மூடிக்கினு இரு."

இருந்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று யாருக்கும் புரியாது. தண்ணீர் எடுக்கப் போனால் அங்கே கண்ணாயிரத்தின் கண்ணைப் பற்றித்தான் பேச்சு. ஒருத்தி தன் ஆடு செத்ததற்கு அவர்தான் காரணம் என்றாள். இன்னொருத்தி, அவர் பார்த்த பிறகுதான் தன் பாத்தியில் உப்பு விளையவில்லை என்றாள். மழை பெய்து கரைந்த உப்பு அது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

ஒரு சாயங்காலம் கொல்லைப் பக்கம் கண்ணாயிரமே வந்து நின்றார். முகத்தைத் துண்டால் பாதி மூடியிருந்தார், கண்கள் மட்டும் தெரியாதபடி.

"வசந்தா."

என்னை அந்தப் பெயரால் கூப்பிட்ட ஒரே ஆள். அதிலேயே பாதி உருகிவிட்டேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னா மாமா?"

"கடையில ஒரு ஈ காக்கா இல்லம்மா. எண்ணெ ஆறிக் கெடக்குது. நேத்து ஒரு கொழந்தயப் பாத்து சிரிச்சேன். அதோட அம்மா அத முந்தானியால மூடிக்கினு ஓடறா. எம் பொண்டாட்டியே எதிர்ல உக்காந்து சோறு போடமாட்டேன்றா, பின்னால நின்னு போடறா. நீ படிச்ச பொண்ணு. நெஜமாவே என் கண்ணுல எதுனா இருக்குதா?"

"ஒண்ணும் இல்ல. உப்பு ஈரமா இருந்துச்சு. அதான் வெடிச்சுது."

"அத வந்து சொல்லேன்!"

சொன்னால் அப்பா அடுத்த நொடி அந்தக் கடையில் நிற்பார். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் துண்டுக்குள் வாழவேண்டும். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியை ஆட்டிச் 'சொல்லாதே' என்று சைகை செய்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. அம்மா மேல், அப்பா மேல், உப்பு மேல், மூன்று வருஷம் படித்துவிட்டு ஒரு பொய்யின் முதுகில் உட்கார்ந்து சவாரி போய்க்கொண்டிருந்த என் மேல்.

"வரேன். ஊர் நடுவுல நின்னு சொல்றேன். ஆனா எங்கப்பாவுக்கு இனிமே ஒரு துண்டு பிங்கர் விக்கக்கூடாது. கெஞ்சினாலும் கூடாது, மெரட்டினாலும் கூடாது."

கண்ணாயிரம் துண்டை விலக்கினார். "கலியண்ணனுக்கா? ஏம்மா, அவருதானே என் மொத வாடிக்க!"

"அதான் நெஞ்ச அடச்சுது. உங்க கண்ணு இல்ல, உங்க எண்ணெ."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரிம்மா" என்றார். 

அடுத்த நாள், பாத்தியிலிருந்து ஆட்கள் கரையேறும் நேரத்தில் கண்ணாயிரம் கடைமுன் நின்றேன். ஒரு கூடை உப்பு வைத்திருந்தேன். கத்திக் கத்தி ஆள் கூட்டினேன். அது எனக்குப் பழக்கம்தான். அப்பா தூரத்தில், தலையில் துண்டோடு நின்றார்.

"இப்போ இந்த ஆட்டுக்கல்லுக்கு சுத்தறேன். பாத்துக்கோங்க" என்று ஒரு கைப்பிடி உப்பை, கடையோரம் கிடந்த ஆட்டுக்கல்லைச் சுற்றி அடுப்பில் போட்டேன். படபடவென்று வெடித்துத் தள்ளியது.

"ஆட்டுக்கல்லு மேல கண்ணு வச்சவன் எவன்? சொல்லுங்க!"

கூட்டம் சிரித்தது. நல்ல அறிகுறி. பிறகு இன்னொரு கைப்பிடி உப்பை இரும்புச் சட்டியில் போட்டு, வெடித்து ஓயும்வரை வறுத்தேன். உள்ளிருந்த தண்ணீர் போய்விட்டது என்று விளக்கினேன். வெடித்து முடித்த அந்த உப்பை எடுத்துக் கண்ணாயிரத்தின் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டேன். சத்தமே இல்லை. மணல் போட்டது போல அடங்கிக் கிடந்தது.

"இப்ப புரியுதா?" என்றேன் வெற்றியோடு.

"புரியுதுடி டிகிரி" என்றாள் சாமுண்டீஸ்வரி, கன்னத்தில் போட்டுக்கொண்டு. "அத்தினி தோஷமும் கழிஞ்சிடுச்சு! இவன் கண்ணு இனிமே பால் மாதிரி!"

"கழிஞ்சிடுச்சுப்பா, கழிஞ்சிடுச்சு" என்று கூட்டம் ஆமோதித்தது. "அதுலாம் இல்ல, கேளுங்க, ஆவி..." என்று நான் கத்தியதை, பொட்டலம் கேட்டு நீண்ட கைகள் இடித்துத் தள்ளிவிட்டன. வேதியியல் ஜெயித்ததா தோற்றதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கண்ணாயிரம் அழுதுகொண்டே கிழங்கை எண்ணெயில் போட்டார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கைநீட்டினார்.

"டேய் கண்ணாயிரம், மனசுல ஒண்ணும் வச்சிக்காத. ரெண்டு பொட்டலம் குடு."

"இல்லண்ணே."

"இன்னா இல்ல? சட்டியில மெதக்குது!"

"உங்களுக்கு இல்லண்ணே. உங்க பொண்ணுகிட்ட வாக்கு குடுத்துட்டேன்."

"என் காசு செல்லாதாடா?"

"காசு செல்லும்ண்ணே. உங்க நெஞ்சுதான் செல்லல" என்றார் கண்ணாயிரம், அழுகையும் எண்ணெய்ப் புகையுமாக. அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். நிஜமாகவே கண் வைத்த மனுஷரை அன்றுதான் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பாயைப் போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "பந்தயம் இன்னும் இருக்குது. நீ ஜெயிக்கல" என்று சுவரிடம் சொன்னார்.

தெருக்கோடியில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆழத்திலிருந்து வந்த மணலை, எவர் காலும் படாத மணலை, அள்ளிவந்து கழுவி, காயவைத்து, டின்னில் நானே பரப்பினேன். அம்மாவை அடுப்பு பக்கமே விடவில்லை. ஒரு ஸ்பூன் எண்ணெயில் கிழங்கைப் பிசறினேன். உப்பு போடவில்லை, மிளகைத் தட்டித் தூவினேன். தணலை வைத்துவிட்டு, பாதியில் ஒரு தடவை திறந்து புரட்டினேன். டின் சாதுவாக இருந்தது.

சிவந்து வந்த பிங்கரைத் தட்டில் குவித்து, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. எனக்கே ஆச்சரியம்தான்.

முதுகு திரும்பவில்லை. கை மட்டும் பின்னால் வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனது. மொறுக்.

"உப்பு இல்ல" என்றது முதுகு.

இன்னொன்று போனது. "பரங்கிக்காரன்தான் இதத் துன்னுவான்." இன்னொன்று. "எண்ணெ வாசமே இல்ல, இதுலாம் ஒரு பலகாரமா?" அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தட்டு மடிக்குப் போய்விட்டது. திட்டிக்கொண்டே தின்றார். கடைசியில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருக்கும்போது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"பாத்துக்க. ஒண்ணு மிச்சம். முழுசா துன்னல. நீ தோத்துட்ட. நாளைக்கி பக்கத்தூரு அனுமந்தையில போயி வட துன்னுவேன், எவன் கேப்பான்?"

டின்னின் மூடியை நங்கென்று சாத்தினேன். கோபத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மனுசன் எனக்கு ஒண்ணுகூட மிச்சம் வெக்கல, ருசி பாக்க" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்த அம்மா, அந்தக் கடைசித் துண்டுக்குக் கையை நீட்டினாள்.

அப்பா பளாரென்று அவள் கையைத் தட்டிவிட்டார். "ஏய், ஓரம் மொறுமொறுன்னு இருக்குதேன்னு கடைசியா எடுத்து வச்சா..." என்றபடியே அதை வாயில் போட்டுக்கொண்டார்.

மொறுக்.

அப்புறம் வாய் நின்றது. தட்டைப் பார்த்தார். கவிழ்த்துப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"துப்பிடவா?" என்றார் மெதுவாக.

"முழுங்குப்பா" என்றேன்.